‘எனக்கு மயக்க மருந்து ஒத்துவராது’: வாசகிகளின் கேள்விகள்

மார்பகத்தில் சிலிக்கன் பை வைப்பது பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே வசனம். மயக்க மருந்து டொக்டராக ஒபரேசன் தியேட்டர் வாசலில் வருசக்கணக்காக நான் கேட்டு வரும் வசனமும் இதுதான். தோண்டிப் பார்த்தால் உள்ளே பல் டொக்டரின் ஊசி இருக்கும், சத்தி இருக்கும், பெனிசிலின் இருக்கும். உண்மையான மயக்க மருந்து ஒவ்வாமையும் எப்போதாவது இருக்கும்.

புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்து மூன்று வருசம். இப்போது சிலிக்கன் வைக்க விருப்பம். 2009 இல் இடம்பெயர்ந்திருந்தபோது தோளில் பட்ட செல் குண்டுத் துண்டை எடுக்க மயக்கம் தந்தார்கள். மூச்சே நின்றுவிட்டது, இனி மயக்கம் கொடுக்கவே கூடாது என்று அம்மா சொல்கிறா. அந்த நேரத்து ஆஸ்பத்திரி டிக்கற் (சிகிச்சைக் குறிப்பு) எதுவும் இல்லை. (புதுக்குடியிருப்பு)

டிக்கற் இல்லை என்கிறீர்கள். ஆனால் மார்பை எடுத்தபோதும் முழு மயக்கம் தந்திருப்பார்களே, தங்கச்சி? அது சுகமாக முடிந்திருந்தால், அன்று எந்தெந்த மருந்து உங்களுக்குள் போயும் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. ஒபரேசன் செய்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் உங்கள் பழைய டிக்கற்றை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குள் கட்டம் போட்ட ஒரு தாள் இருக்கும். பிறசரும் நாடித்துடிப்பும் புள்ளி புள்ளியாக ஏறி இறங்கும், ஓரத்தில் மருந்துப் பெயர்கள் கிறுக்கல் எழுத்தில் கிடக்கும். எங்களுக்கு அந்தத் தாள் தங்கம். அதன் பிரதியோடு வாருங்கள்.

அடுத்தது அம்மா. ஆறுதலாக இருக்கும் நேரமாகப் பார்த்து மூன்று விசயம் கேளுங்கள். உடம்பெல்லாம் சிவந்து தடித்ததா, முகம் வீங்கியதா? பக்கத்தில் கிடந்தவர்கள் கண் முழித்தபிறகும் நீங்கள் மணிக்கணக்காக மூச்சு விடாமல் கிடந்தீர்களா? சொந்தத்தில் வேறு யாருக்கும் இப்படி நடந்ததா?

முழு மயக்கத்தில் மூச்சு நிற்பது புதினமில்லை. தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து நாங்களே நிறுத்துகிறோம், நாங்களே மூச்சும் கொடுக்கிறோம். அதில் சக்சமெத்தோனியம் என்ற மருந்து வழமையாகப் பத்து நிமிடத்துக்குள் கரைந்துவிடும். அதைக் கரைக்கும் நொதியம் சிலருக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. அவர்களுக்கு மணிக்கணக்காகத் தசை அசையாது. அது பரம்பரைக் குறைபாடு, ஒவ்வாமை அல்ல. இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். அந்த மருந்தையும் அதே நொதியத்தால் கரையும் அதன் உறவு மருந்தையும் தவிர்த்தால் மற்றபடி மயக்கம் தரலாம். தடிப்பும் வீக்கமும் வந்ததென்றால் கதை வேறு. அப்போது தோல் சோதனை வேண்டும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவுக்கு உங்கள் கிளினிக்கில் கடிதம் கேளுங்கள். சிலிக்கன் அவசர ஒபரேசன் இல்லையே. ஒரு பஸ் பயணமும் சில மாதமும் போனால் போகட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். சிலிக்கன் பை உள்ளுக்குள் கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அதனால் வைத்து ஐந்தாறு வருசத்தில் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். எம்ஆர்ஐ என்பது பெரிய காந்தம். உடம்பில் இன்னும் இரும்புத் துண்டு மிச்சமிருந்தால் அது ஆபத்தாகலாம். வன்னியில் இது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். துண்டு இருந்தால் ஸ்கானோடு நிற்கலாமா என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் இப்போதே கேளுங்கள். மார்புக்குக் கதிர் வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கதிர் பட்ட இடத்தில் பையைச் சுற்றி உருவாகும் தழும்புச் சவ்வு இறுகும் வாய்ப்புக் கூட.

பல்லுப் பிடுங்க விறைப்பூசி போட்டதும் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, விழப் பார்த்தேன். விறைப்பூசி அலர்ஜி என்று எழுதலாமா? (பரந்தன்)

எழுதவேண்டாம். அந்த ஊசியில் அநேகமாக அட்ரினலின் கலந்திருக்கும், படபடப்பு அதன் வேலை. பயத்திலும் தலை சுற்றும். லிக்னோகெயின் என்ற அந்த விறைப்பு மருந்துக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது. தேவையில்லாமல் எழுதிவைத்தால் நாளைக்கு உங்களுக்கு உதவக்கூடிய நல்ல மருந்தொன்றை நாங்களே விலக்கிவிடுவோம். தடிப்போ மூச்சு இழுப்போ வந்திருந்தால் மட்டும் திரும்ப எழுதுங்கள்.

இறால் சாப்பிட்டால் எனக்குக் கடிக்கும். முட்டையும் சரிவராது. மயக்க மருந்தில் முட்டை இருக்கிறதாமே? (முல்லைத்தீவு)

இருக்கிறது. புரோபோபோல் என்ற பால்போன்ற மருந்தில் முட்டை மஞ்சட்கருவிலிருந்து எடுத்த லெசித்தினும் சோயா எண்ணெயும் உண்டு. ஆனால் முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக்கருவின் புரதத்தால் வருவது. முட்டை ஒத்துவராதவர்களுக்கும் வழமையாக அதைக் கொடுக்கிறோம். இறால் ஒத்துவராவிட்டால் ஒபரேசனுக்கு முன் தோலில் பூசும் அயடினும் ஆகாது என்பார்கள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கடிப்பது இறாலின் புரதத்துக்கு. நந்திக்கடல் இறாலை இழந்தது கவலைதான், ஒபரேசனை இழக்கத் தேவையில்லை. ஆனால் வாழைப்பழம், பப்பாப்பழம் தின்றால் வாய் கடிக்கிறதா? ரப்பர் கையுறை, பலூன் பட்டால் தடிக்கிறதா? அது ரப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம், கட்டாயம் சொல்லுங்கள்.

ஒபரேசன் மேசையிலேயே எனக்குப் பிறசர் இறங்கி, உடம்பு சிவந்ததாம். மயக்க மருந்துதானே காரணம்? (மாங்குளம்)

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். பிரித்தானியாவில் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2018 இல் வெளியிட்டார்கள். மயக்கத்தின்போது கடுமையான ஒவ்வாமை ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு. அதில் முதலிடம் கிருமிகொல்லி மருந்துக்கு, கிட்டத்தட்டப் பாதி. தசை தளர்த்தி இரண்டாவது. பிறகு தோல் துடைக்கும் குளோர்ஹெக்சிடின். நாலாவது, மார்பகப் புற்றுநோயில் நிணநீர்க் கணு தேட ஊசியேற்றும் நீலச் சாயம். ஒபரேசனுக்குப் பிறகு சலம் பச்சையாகப் போனது ஞாபகமிருந்தால் அந்தச் சாயம் உங்களுக்கும் ஏறியிருக்கலாம்.

சில நிமிட இடைவெளியில் இத்தனையும் உள்ளே போகிறது. எது என்று ஊகிக்க முடியாது. எனவே ‘அலர்ஜி’ என்ற ஒற்றைச் சொல்லோடு வீட்டுக்குப் போகாமல், கொடுத்த எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வாங்குங்கள். சிலிக்கன் வைக்கும்போதும் கிருமிகொல்லி கட்டாயம் கொடுப்பார்கள். இப்போது புதிதாக நடந்ததென்றால் தோல் சோதனைக்கு நாலு முதல் ஆறு கிழமை பொறுக்கவேண்டும்.

முழு மயக்கம் வேண்டாம், விறைப்பூசியிலேயே வைத்துவிடலாம் என்று வெளியூர் அழகுக் கிளினிக்கொன்று சொல்கிறது. எனக்கு அலர்ஜி இருப்பதைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று சொல்லவில்லை. (நெடுங்கேணி)

சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். இரண்டு மார்பையும் விறைக்க நிறைய மருந்து தேவை. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அட்ரினலின் கலக்காத லிக்னோகெயின் 150 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இரண்டு வீத மருந்தில் அது ஏழரை மில்லிலீற்றர்தான். அட்ரினலின் கலந்தால் இரு மடங்குக்குச் சற்று மேலே போகலாம். அதையும் மீறினால் வலிப்பு வரலாம், இதயமும் நிற்கலாம்.

அவர்களிடம் நீங்கள் கேட்கவேண்டியது: மயக்க மருந்து நிபுணர் முழு நேரமும் பக்கத்தில் நிற்பாரா? ஒட்சிசனும் அட்ரினலினும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? நிலைமை பிழைத்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நிமிடத்தில்? பதிலுக்குச் சிரிப்பு மட்டும் வந்தால் எழும்பி வாருங்கள்.

ஒவ்வொரு ஒபரேசனுக்குப் பிறகும் சத்தி. (செட்டிகுளம்)

அது ஒவ்வாமை இல்லை. பஸ்ஸில் போனாலும் சத்தி வருமா? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மயக்க வாயுவை விட்டுவிட்டு முழுக்க ஊசி மருந்தால் நடத்துவோம். சத்திக்கு முன்கூட்டியே ஊசியும் தருவோம்.