அப்பா அம்மாவோட முதல் க்ரூஸ்: மருந்துப் பைய கையில வைங்க, கப்பல் மணிய மனசுல வைங்க

கேள்வி: அண்ணே, மலேசியாவுல சுங்கை சிப்புட்டுலேருந்து எழுதுறேன். சிங்கப்பூர்ல வேல செய்ற என் தம்பி டிசம்பர் ஸ்கூல் லீவுக்கு அப்பா, அம்மா, எனக்கு மூணு பேருக்கும் க்ரூஸ் டிக்கெட் போட்டுட்டான். போர்ட் கிள்ளான்ல ஏறி தாய்லாந்து புக்கெட், அப்புறம் சிங்கப்பூர், திரும்ப கிள்ளான். அப்பாவுக்கு 68 வயசு, தோட்டத்துல வேல செஞ்சி ரிட்டயர் ஆனவரு, இனிப்பு நீர், ராத்திரிக்கு இன்சுலின் ஊசி, முட்டி வலி வேற. அம்மா சைவம், வெத்தல பாக்கு இல்லாம இருக்க மாட்டாங்க, சாமி கும்பிடாம காப்பி கூட தொட மாட்டாங்க. எங்க யாருக்கும் கப்பல் அனுபவம் இல்ல. என்ன எடுத்துட்டு போறது, எத வீட்டுல விட்டுட்டு போறதுன்னே புரியல.

பதில்: தங்கச்சி, நம்ம ஊர் பக்கம் டிக்கெட் போடுற வேலைய ரொம்ப வருசமா பாக்குறேன், கப்பல்னு சொன்னாலே எல்லாரும் மொதல்ல கேக்குறது என்ன துணி எடுத்துட்டு போறதுன்னு தான். துணி எது போட்டாலும் கப்பல் கெளம்பும்மா. டிரிப்ப கெடுக்குறது பெரும்பாலும் ரெண்டே விசயம், ஒன்னு மருந்து தேவப்படுற நேரத்துல கையில இல்லாம போறது, இன்னொன்னு எத்தன மணிக்கு கப்பலுக்கு திரும்பணும்னு தப்பா கணக்கு போடுறது. மத்ததெல்லாம் சமாளிச்சிக்கலாம்.

மொதல்ல பாஸ்போர்ட். ஐசி (அடையாள அட்டை) காட்டி போற பயணம் இல்ல இது, மூணு பேருக்கும் பாஸ்போர்ட் வேணும், திரும்பி வர்ற தேதியிலேருந்து எண்ணி ஆறு மாசம் செல்லுபடி இருக்கணும். நாலு மாசம் இருக்கு போதும்லான்னு வந்து நின்னவங்கள கவுண்டர்லயே திருப்பி அனுப்பியிருக்காங்க. அப்பாவோடத இன்னிக்கே எடுத்து பாருங்க, தேதி மட்டும் இல்ல, தண்ணி பட்டு உப்பிப்போயி இருக்கா, பக்கம் கிழிஞ்சிருக்கான்னும் பாருங்க. 60 வயசு தாண்டுனவங்களுக்கு கட்டணம் சலுகை தான், அதனால சந்தேகமா இருந்தா புதுசு எடுத்துடறது நல்லது.

கிள்ளானுக்கு போற விசயம். ஈடிஎஸ் ட்ரெய்ன் ஏறி கோலாலம்பூர்ல கேஎல் சென்ட்ரல், அங்கேருந்து கொமுட்டர் ட்ரெய்ன்ல பெலாபுஹான் கிள்ளான் ஸ்டேசன் வரைக்கும் போயிடலாம், ஆனா க்ரூஸ் டெர்மினல் அங்க இல்ல, பாலம் தாண்டி புலாவ் இண்டாவுல இருக்கு, ஸ்டேசன்லேருந்து கிராப் கார் தான் புடிக்கணும். அன்னிக்கு காலையில சிப்புட்டுலேருந்து கெளம்பி மத்தியானம் ஏறிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ட்ரெய்ன் லேட்டானா கப்பல் உங்களுக்காக நிக்காது, செக்கின் கவுண்டர் கப்பல் கெளம்புறதுக்கு ரொம்ப முன்னாடியே மூடிடும். மொத நாளே போயி கிள்ளான்ல படுத்துடுங்க, கிள்ளான்ல சொந்தக்காரங்க இல்லாத சிப்புட்காரங்க யாரு இருக்கா.

இப்ப மருந்துப் பை, இத கொஞ்சம் பொறுமையா படிங்க. டெர்மினல்ல பெரிய பெட்டிய வாங்கிட்டு போயிடுவாங்க, அது ஸ்கேன் ஆகி கப்பலுக்குள்ள போயி உங்க ரூம் வாசலுக்கு வர்றதுக்கு பல மணி நேரம் ஆகும், சில சமயம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சி தான் வரும். அப்பாவோட இன்சுலின் அந்த பெட்டிக்குள்ள இருந்துச்சுன்னா ஊசி நேரத்துக்கு நீங்க காரிடார்ல பெட்டிய தேடிட்டு நிப்பீங்க, அதுவும் வெயில்ல காஞ்ச பெட்டிக்குள்ள இன்சுலின் கெட்டுப்போகவும் வாய்ப்பு இருக்கு. அதனால மருந்து எல்லாம், மூக்குக் கண்ணாடி, பாஸ்போர்ட், சக்கர செக் பண்ற மெசின், ஒரு செட் துணி, இது அத்தனையும் தோள்ல மாட்டுற பையில போகணும். அந்த பைய உங்க கையிலேருந்து யாரும் வாங்க விடாதீங்க, ஒத்தாசைக்குன்னு போர்ட்டர் கேட்டாலும் சரி.

இன்சுலினுக்கு ஐஸ் பெட்டி வேணுமேன்னு பயப்பட வேணாம். இப்ப பாவிக்கிற பேனா 30 டிகிரிக்கு கீழ இருந்தா பொதுவா நாலு வாரம் வரைக்கும் வெளியவே இருக்கலாம், ஏர்கான் ரூம்ல தாராளமா தாங்கும், உங்க பிராண்டுக்கு எத்தன நாள்னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கும். தெறக்காத ஸ்பேர் தான் 2லேருந்து 8 டிகிரியில இருக்கணும், ஆனா உறையக்கூடாது, உறஞ்சிட்டா தூக்கி போட்டுட வேண்டியது தான். ரூம்ல இருக்குற குட்டி பிரிட்ஜ நம்பாதீங்க, நெறய கப்பல்ல அது தண்ணிய ஜில்லுனு வைக்கிற அளவுக்கு தான் வேல செய்யும், ஸ்பேர் பேனாவ கப்பல் மெடிக்கல் சென்டர்ல குடுத்து வைக்க முடியுமான்னு கேளுங்க. ஊசி முனைய குப்பைத் தொட்டியில போடாதீங்க, ரூம் சுத்தம் பண்ற பையன் கையில குத்திடும், கவுண்டர்ல கேட்டா ஊசி போடுறதுக்குன்னே ஒரு டப்பா குடுப்பாங்க.

கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) டாக்டர்கிட்ட ஒரு சூராட், அதாவது லெட்டர், கேட்டு வாங்கிக்கிங்க, மருந்து பேரு, அளவு எல்லாம் எழுதி. மாத்திரைய எல்லாம் கழட்டி ஒரே டப்பாவுல கொட்டிக்கிட்டு போற பழக்கம் நம்ம அப்பாமார்களுக்கு உண்டு, அது வேணாம், பேரு ஒட்டுன பாக்கெட்டோடயே போகட்டும். அளவு போற நாளப்போல ரெண்டு மடங்கு. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்துச்சுன்னா சிங்கப்பூர்ல அதுக்கு தனி சட்டம் இருக்கு, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டி வரலாம், தம்பிய விட்டு விசாரிக்க சொல்லுங்க.

அதோட இன்னொன்னும் டாக்டர்கிட்ட கேட்டுடுங்க: அப்பாவுக்கு வாந்தி வந்து சாப்பாடு எறங்கலன்னா அன்னிக்கு இன்சுலின் எவ்வளவு போடுறது? நம்மளா நிறுத்தவும் கூடாது, நம்மளா முழு அளவு போடவும் கூடாது. கப்பல் ஆட்டத்துக்கு சாப்புடுற டைமென்ஹைட்ரினேட் மாத்திரை தூக்கம் வர வைக்கும், புரோஸ்டேட் இல்ல கண் அழுத்தம் இருக்குறவங்களுக்கு ஒத்துக்காம போகலாம், அதனால பார்மசியில வயசையும் மத்த மருந்தையும் சொல்லி வாங்குங்க. அந்த மாத்திரைய தல சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் கம்மி, முன்னாடியே போடணும். டிசம்பர்ல புக்கெட் பக்கம் கடல் பொதுவா அமைதி தான், மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும் தான் அந்த பக்கம் அல பெருசு, மலாக்கா நீரிணை உள்கடல் மாதிரி. ரூம் இன்னும் முடிவு ஆகலன்னா கப்பலோட நடு பாகத்துல, கீழ் மாடியில, லிஃப்டுக்கு பக்கமா கேளுங்க, ஆட்டம் அங்க தான் கொறச்சல். அப்பா முட்டிக்கும் அது தான் நல்லது, ஜென்டிங் ட்ரீம் மாதிரி கப்பல் 335 மீட்டர் நீளம், ரூம் ஒரு கோடியில விழுந்துச்சுன்னா சாப்பாட்டுக்கு போயிட்டு வர்றதே ஒரு நடைப்பயணம். வீல்சேர் வேணும்னா இப்பவே சொல்லி வைங்க, அங்க போயி கேட்டா கெடைக்காது.

அம்மா விசயத்துக்கு வருவோம், அவங்களுக்கு இத பக்குவமா சொல்றது உங்க பொறுப்பு. சூடம், ஊதுபத்தி, அகல் விளக்கு, மெழுகுவத்தி எதுவும் கப்பல்ல ஏத்த விட மாட்டாங்க. நடுக்கடல்ல தீ புடிச்சா ஓட எடம் இல்ல, அதனால நெருப்பு விசயத்துல எந்த கம்பெனியும் தயவு தாட்சண்யம் பாக்காது, அயர்ன் பாக்ஸ், கேத்தல், குட்டி ரைஸ் குக்கர், சர்ஜ் ப்ரொடெக்டர் வச்ச எக்ஸ்டென்சன் வயர் எல்லாம் இதே கணக்கு தான், ஸ்கேன்ல புடிச்சி வச்சிக்கிட்டு எறங்குறப்ப தான் குடுப்பாங்க. சின்ன சாமி படம், விபூதி, குங்குமம் தாராளமா போகலாம். பேட்டரியில எரியுற குட்டி விளக்கு பசார்ல கெடைக்கும், அத வாங்கி குடுங்க, மொதல்ல மொறைப்பாங்க அப்புறம் சரியாயிடுவாங்க. அம்மா வெத்தலையோட புகையிலையும் சேத்து போடுற ஆளா இருந்தா அத கண்டிப்பா வீட்டுலயே விட்டுடுங்க, சிங்கப்பூர்ல மெல்லுற புகையிலை தடை, சுயிங்கம் கொண்டு போறதும் தடை, வேப் அங்கயும் தாய்லாந்துலயும் தடை. அப்பா சிகரெட் புடிக்கிறவரா? சிங்கப்பூருக்குள்ள கொண்டு போற சிகரெட்டுக்கு டூட்டி ஃப்ரீ சலுகையே கெடையாது, எறங்குறப்ப பாக்கெட்டு கப்பல்லயே இருக்கட்டும்.

வீட்டுல சுட்ட முறுக்கு, புளிச்சோறு கட்டிட்டு போற யோசனை இருக்கும், எனக்கு தெரியும். சமைச்ச சாப்பாட்ட பொதுவா உள்ள விட மாட்டாங்க, சீல் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டு பரவால்ல. அந்த காலத்துல தமிழ்நாட்டுலேருந்து ராஜுலா கப்பல்ல ஐயாயிரம் பேருக்கு மேல டெக்குல பாய விரிச்சி சட்டி பானையோட வந்து பினாங்குலயும் போர்ட் சுவெட்டன்ஹாம்லயும் (இப்ப போர்ட் கிள்ளான்) எறங்குனாங்க, அந்த கதைய கேட்டு வளந்த நமக்கு கப்பல்னாலே சோத்து மூட்ட ஞாபகம் தான் வருது. இப்ப ஆசியாவுல ஓடுற கப்பல்கள்ல இந்திய சைவ சாப்பாடு கெடைக்கிறது சகஜம், ஆனா முட்ட சேக்கலாமா, பூண்டு வெங்காயம் ஆகுமான்னு தெளிவா எழுதி டிக்கெட்டோட சேத்து இப்பவே சொல்லிடுங்க. பஃபேக்கு போறதுக்கு முன்னாடி கைய சோப்பு போட்டு கழுவுங்க, கப்பல்ல பரவுற நோரோவைரஸ் வாந்தி பேதிக்கு சானிடைசர் அவ்வளவா பத்தாது.

ஏறுன அன்னிக்கே ஒரு பாதுகாப்பு பயிற்சி நடக்கும், ஏழு சின்ன ஊதலும் ஒரு நீள ஊதலும் கேட்டா எங்க போயி நிக்கணும்னு காட்டுவாங்க. பஃபே தெறந்திருக்குன்னு அத விட்டுட்டு போறவங்க உண்டு. 2012 ஜனவரியில இத்தாலியில கோஸ்டா கான்கோர்டியா பாறையில மோதுனப்ப ஏறி கொஞ்ச நேரமே ஆன பயணிங்களுக்கு அந்த பயிற்சி இன்னும் நடக்கவே இல்ல, 32 பேரு செத்தாங்க, அதுக்கப்புறம் தான் கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடியே இல்ல கெளம்புன உடனே பயிற்சி நடத்தணும்னு விதிய மாத்துனாங்க. அப்பாவ கூட்டிட்டு அந்த எடத்துக்கு ஒரு தடவ நடந்தே போயி பாத்துட்டு வாங்க, உண்மையான அவசரத்துல லிஃப்ட் ஓடாது.

புக்கெட். இங்க தான் மணி கணக்கு தப்பும். தாய்லாந்து நேரம் நம்மள விட ஒரு மணி பின்னால, ஆனா கப்பல் பெரும்பாலும் கப்பல் நேரத்துலயே ஓடும். எறங்குன உடனே உங்க போன் தானா தாய்லாந்து மணிக்கு மாறிடும். கடைசி நேரம் சாயந்தரம் 5 மணின்னு கப்பல்ல சொல்லியிருப்பாங்க, நீங்க வாட் சாலோங் கோயில் பாத்துட்டு போன பாத்தா மணி 4 காட்டும், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கேன்னு மாம்பழ சோறு சாப்புட உக்காருவீங்க, அங்க கப்பல்ல மணி 5. அதனால அப்பா கையில பழைய கைக்கடிகாரத்த கட்டி விடுங்க, அத யாரும் மாத்த வேணாம், தெனமும் ரூமுக்கு வர்ற நோட்டீஸ்ல அது கப்பல் நேரம்தானான்னு மட்டும் பாத்துக்கிங்க, வெளிய இருக்குறப்ப அந்த கடிகாரம் சொல்றது தான் நேரம். நோட்டீஸ்ல போட்டிருக்குற கடைசி நேரத்துக்கு ஒரு மணி முன்னாடியே நீங்க படகுத்துறையில இருக்கணும். கப்பல் கம்பெனி டூர்ல போனா அந்த பஸ் லேட்டானாலும் கப்பல் காத்திருக்கும், நீங்களே புடிச்ச டாக்சிக்கு காத்திருக்காது, பாத்தோங் கடற்கரைக்கு போற மலை ரோடு ஜாம் ஆனா அவ்வளவு தான். காசு கூட ஆனாலும் அப்பா அம்மாவோட போறப்ப புக்கெட்டுல மட்டும் கம்பெனி டூர் எடுங்கன்னு தான் நான் சொல்லுவேன்.

பாத்தோங் பக்கம் நின்னா பெரிய கப்பல் கரைக்கு வராது, கடல்லயே நங்கூரம் போட்டு சின்ன படகுல தான் கொண்டு போவாங்க. ஆடுற படகுல கால் வச்சி ஏறி எறங்கணும், அல கொஞ்சம் கூட இருந்தா வீல்சேர் ஆளுங்கள விட மாட்டாங்க. அப்பாவுக்கு முட்டி அன்னிக்கு சரியில்லன்னா கப்பல்லயே இருக்கட்டும், நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க, அதுல ஒன்னும் நட்டம் இல்ல. எறங்குனா அவரு பாக்கெட்டுல மிட்டாய் இருக்கணும், படகுக்கு வரிசையில நிக்கிற நேரத்துல சக்கர எறங்கிடும்.

சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டும், புக்கெட்டுக்கு தாய்லாந்து டிஜிட்டல் அரைவல் கார்டும் ஆன்லைன்ல போடணும், போய் சேர்ற நாளோட சேத்து மூணு நாளைக்குள்ள. க்ரூஸ் ஆளுங்களுக்கு சில சமயம் விதி மாறும், கப்பல் கம்பெனி அனுப்புற மெயில படிங்க. ரெண்டுமே இலவசம், காசு கேட்டா அது ஏமாத்துற வெப்சைட், உடனே மூடிடுங்க. மெரினா பே க்ரூஸ் சென்டர்ல நின்னா கொஞ்ச தூரம் நடந்து மெரினா சவுத் பியர் ஸ்டேசன், தோபி காட்டுல மாறி லிட்டல் இந்தியா. அம்மாவுக்கு வீரமாகாளியம்மன் கோயில் பாக்கணும்னா மத்தியானம் நடை சாத்துறதுக்கு முன்னாடி போங்க. தம்பி வந்து கூட்டிட்டு போனா இன்னும் சுலபம்.

போன் விசயம் சுருக்கமா: கப்பல் கெளம்புன உடனே ஃப்ளைட் மோட்ல போடுங்க, கடல்ல கப்பலோட சேட்டலைட் லைன புடிச்சிடும், உங்க ரோமிங் பாஸ் பொதுவா அதுக்கு செல்லாது, பில்லு பயங்கரமா வரும். காசுக்கு கப்பல்ல ரூம் கார்டு தான், டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தானா ஏறும், டிக்கெட்டுல சேந்திருக்கான்னு தம்பிகிட்ட கேளுங்க. டெபிட் கார்ட குடுக்காதீங்க, அவங்க முன்பணமா புடிச்சி வைக்கிற தொகை எறங்குனப்புறமும் பல நாள் வரைக்கும் திரும்பாது, மாசக் கடைசியில கஷ்டம், கிரெடிட் கார்டு இல்ல ரொக்கமா கட்டுங்க. இன்சூரன்ஸ் எடுக்காம அப்பாவ ஏத்தாதீங்க. கிளினிக்ல ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி பழகுன நமக்கு கப்பல் டாக்டர் பில்லு தாங்காது, கப்பல்லேருந்து ஆஸ்பத்திரிக்கு மாத்துற செலவு அத விட மோசம். வாங்குறப்ப க்ரூஸ் கவர் ஆகுதா, ஏற்கனவே இருக்குற இனிப்பு நீர் கவர் ஆகுதான்னு ரெண்டையும் எழுத்துல பாத்துட்டு காசு கட்டுங்க.

கடைசி ராத்திரி பெட்டிய எல்லாம் பூட்டி ரூம் வாசல்ல வைக்க சொல்லுவாங்க, காலையில டெர்மினல்ல தான் எடுக்கணும். எல்லாத்தையும் உள்ள வச்சி பூட்டிட்டு காலையில சாரோங்கோட நிக்கிற அப்பாமார்கள் வருசா வருசம் உண்டு, அதனால மறுநாள் போடுற துணி, செருப்பு, மருந்துப் பை மூணும் வெளிய இருக்கட்டும். எறங்குறப்ப ஆயிரக்கணக்கான பேரு ஒரே நேரத்துல கிராப் தேடுவாங்க, புலாவ் இண்டாவுல கார் சட்டுன்னு கெடைக்காது, கிள்ளான் சொந்தக்காரங்க யாரையாவது வேன் எடுத்துட்டு வர சொல்லி இப்பவே பேசி வைங்க.