நாய்க்கு சுகர் வந்தா பாலிசி குடுக்குமா? இந்த வார கேள்வி-பதில்

போன வாரம் ஒருத்தர் நாய் இன்சூரன்ஸ் பத்தி ஒரு வரி கேட்டிருந்தார், நானும் ஒரு வரில பதில் போட்டேன். அதுக்கப்புறம் மெயில் பாக்ஸ் முழுக்க நாயும் பூனையும்தான். மிக்ஸி, வாஷிங் மெஷின்காரங்க அடுத்த வாரம் வரை பொறுத்துக்கோங்க.

எங்க லேப்ரடாருக்கு 6 வயசு. போன மாசம் சுகர்னு சொல்லிட்டாங்க, தினம் ரெண்டு வேளை இன்சுலின். இப்ப பாலிசி எடுத்தா இந்த செலவு கிடைக்குமா? - பெரம்பூர் வாசகி

கிடைக்காதும்மா, பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே வந்த நோய்க்கு குடுக்க மாட்டாங்க. வேற எதுக்காவது, அடிபட்டா ஆபரேஷனுக்குனு எடுக்கலாம், ஆனா சுகர் இருக்கறத மறைச்சு எடுக்காதீங்க, நாளைக்கு கால் உடைஞ்சதுக்கு க்ளெய்ம் போட்டாலும் பழைய ஃபைல் எல்லாம் கேப்பாங்க. இன்னொண்ணு, நீங்க கேக்கல, நானே சொல்றேன்: இன்சுலின் பாட்டில்ல யு-40னு இருந்தா செவப்பு மூடி ஊசி, யு-100னு இருந்தா ஆரஞ்சு மூடி ஊசி. மெடிக்கல் ஷாப்ல அவசரத்துல மாத்தி குடுத்துட்டா டோஸ் ரெண்டரை மடங்கு ஏறும், இல்ல பாதிக்கும் கீழ போயிரும். வாங்கும்போதே மூடிய பாருங்க.

ரெண்டு வருஷமா எங்க பக் நாய்க்கு பாலிசி இருக்கு. முதல் வருஷம் தோல் அலர்ஜிக்கு பணம் குடுத்தாங்க. ரினியூ பண்ணப்புறம் அதே அலர்ஜிக்கு போட்டா "ஏற்கனவே இருந்த நோய்"னு தள்ளிட்டாங்க. நீண்டகால பராமரிப்புனு தனியா காசு கட்டி ஆட்-ஆன் வேற வாங்கினேன் சார். - அம்பத்தூர்

உங்க மேல தப்பு இல்ல. எனக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சல் இதுதான், கொஞ்சம் நீளமாவே சொல்றேன். நம்ம ஊர்ல நாய் பாலிசி பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தம். வருஷம் முடிஞ்சா கணக்கு முடிஞ்சுது, அடுத்த வருஷம் புதுக்கணக்கு. அலர்ஜிக்கோ வலிப்புக்கோ கிட்னிக்கோ ரினியூவல் தேதி எங்க தெரியும், அது பாட்டுக்கு இருக்கும், மாத்திரையும் அது பாட்டுக்கு போய்ட்டிருக்கும். மனுஷங்க ஹெல்த் பாலிசில ஏற்கனவே இருக்கற நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம்தான் காக்க வைக்கலாம், 5 வருஷம் விடாம கட்டிட்டா மோசடி தவிர வேற காரணம் சொல்லி பழசக் கிளற முடியாது, 2024 முதல் அதான் விதி. நம்ம மனசுல அது பதிஞ்சு போயிருக்கு, நாய்க்கும் அப்படித்தான்னு நெனச்சு கட்டறோம், ஆனா அந்த விதி நாய்க்கு வராது. விளம்பரத்துல நாய் பீச்சுல ஓடும், பக்கத்துல "நீண்டகால"னு கொட்டை எழுத்துல போடுவான், உள்ள பாத்தா அவங்களே குடுத்த லிஸ்ட்ல இருக்கற வியாதிக்கு மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும்தான். வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விய மெயில்ல அனுப்பி பதில் வாங்கணும்: "முதல் வருஷம் கண்டுபிடிச்ச வியாதிக்கு ரெண்டாவது வருஷமும் குடுப்பீங்களா?" ஃபோன்ல கேட்டா "ஆமா சார், ஆமா சார்"னுதான் சொல்வாங்க, அது செல்லாது.

நீங்க இப்ப செய்ய வேண்டியது: ஆட்-ஆன் வாசகத்த எடுத்து, ரினியூவல்ல அதே நோய விலக்கறோம்னு எங்கயாவது எழுதிருக்கானு பாருங்க. இல்லன்னா கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, இன்சூரன்ஸ் புகாருக்குன்னே அரசு ஒழுங்குமுறை ஆணையம் நடத்தற பீமா பரோசா தளத்துலயும் போடுங்க. ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ ஒத்து வரலன்னாலோ தேனாம்பேட்டைல இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது கம்பெனிக்கு எதிரான புகார விசாரிச்சு தீர்ப்பு சொல்றவர், ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேணாம், ஒரு வருஷத்துக்குள்ள போயிரணும். விடாதீங்க சார்.

பொண்ணு லண்டன்ல இருக்கா. அங்க பூனைக்கு ஆயுசுக்கும் கவர் இருக்குங்கறா. இங்க ஏன் இல்ல? - நங்கநல்லூர் மாமி

அங்க லைஃப்டைம் பாலிசினு தனி வகை இருக்கு மாமி, வருஷா வருஷம் விடாம ரினியூ பண்ணா குடுக்கற தொகையோட லிமிட் புதுசாகும், பழைய வியாதியும் உள்ள இருக்கும். அதே ஊர்லயே 12 மாசத்தோட அந்த வியாதிக்கு கதவ சாத்தற மலிவு பாலிசியும் விக்கறாங்க. பொண்ணுகிட்ட அவ எடுத்தது எதுன்னு பாக்க சொல்லுங்க.

பெர்ஷியன் பூனைக்குட்டி, 28 ஆயிரம் குடுத்தேன். டெஸ்ட் பண்ணதுன்னு வாட்ஸ்அப்ல எழுதி குடுத்தார். ரெண்டு வயசுல கிட்னி முழுக்க நீர்க்கட்டி. இன்சூரன்ஸ் "பரம்பரை நோய்"னு தள்ளிடுச்சு. - வேளச்சேரி

படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு. பெர்ஷியன்ல இது பரம்பரையா வர்றதுதான், மரபணு டெஸ்ட் பண்ணா குட்டிலயே தெரிஞ்சிருக்கும். பாலிசி பக்கம் வழி இருக்கற மாதிரி தெரியல, பரம்பரை நோய பெரும்பாலும் ஒதுக்கித்தான் வெச்சிருப்பாங்க. ஆனா வித்தவர விடக்கூடாது. அந்த வாட்ஸ்அப்ப அழிக்காதீங்க, பணம் அனுப்பின ரசீது, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் சேத்து வெச்சு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிடுங்க, மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்கயும் ஃபீஸ் இல்ல.

தடுப்பூசி கார்டு தொலஞ்சு போச்சு. போட்டோமா இல்லையானும் ஞாபகம் இல்ல. பார்வோ (தடுப்பூசியால தடுக்கக்கூடிய வைரஸ் பேதி) வந்து 5 நாள் ட்ரிப்ஸ். க்ளெய்ம் ரிஜெக்ட். இது நியாயமா?

நியாயம்தான்.

க்ளினிக்ல வருஷத்துக்கு 4,999 ரூபா ஹெல்த் ப்ளான், "இன்சூரன்ஸ் மாதிரியேதான்"னு சொல்றாங்க. சேரலாமா? - அண்ணா நகர்

"மாதிரியே"னு சொன்னாலே ஓடி வந்துருங்க. நானும் ஒரு தடவ சேந்தேன், தங்கக் கலர்ல கார்டு குடுத்தாங்க, மூணு தடவ கன்சல்டிங் இலவசம், நகம் வெட்டறதுல 10 பர்சன்ட் தள்ளுபடி. எங்க நாய்க்கு இதயம் வீங்கி மாசாமாசம் மாத்திரை வந்தப்போ கார்ட நீட்டினேன், ரிசப்ஷன்ல அந்தப் பொண்ணு அத திருப்பித் திருப்பி பாத்துட்டு "சார், இதுல மருந்து வராது"ன்னுச்சு. நகம் வெட்டிட்டு வந்தேன்.

எங்க நாட்டு நாய்க்கு 13 வயசு, மூட்டு வலி. எந்த கம்பெனியாவது எடுக்குமா அண்ணே? - வியாசர்பாடி

எடுக்காது தம்பி, அவ்வளவு வயசான நாய புதுசா சேக்க மாட்டாங்க. ப்ரீமியத்துக்குனு ஒதுக்க இருந்த காச மாசாமாசம் போஸ்ட் ஆபீஸ் ஆர்டில போடுங்க. உங்களுக்கு வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம்தானே, பழைய சீட்டு எல்லாம் எடுத்துக்கிட்டு காலைல சீக்கிரமா போங்க, லேட்டா போனா வரிசை நீளமா நிக்கும், மூட்டு வலி நாய வெச்சுக்கிட்டு அங்க நிக்கறது கஷ்டம். ஒரு பழைய கோணிப்பை கொண்டு போங்க, கீழ விரிக்க.