வடிகால் இல்லாமல் சம்பா பிழைக்குமா?

கேள்வி: ஐயா, கடலூருக்கு வடக்கே தென்பெண்ணைக் கரையோரம் இரண்டு ஏக்கரில் சம்பா போடுகிறேன். 2024 ஃபெஞ்சல் புயலில் நட்டு 40 நாள் ஆன பயிர் ஒரு வாரம் முழுகி அழுகிவிட்டது. எஞ்சின் வைத்து இறைத்தும் மட்டம் இறங்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் யூரியா போட்டேன், அதுவும் வீண். அடுத்த பட்டத்துக்கு என்ன செய்யலாம்?

பதில்: இறைத்தது ஏன் பலிக்கவில்லை என்று கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஒரு ஏக்கரில் ஒரு அடி தண்ணீர் நின்றால் சுமார் 12 லட்சம் லிட்டர். மணிக்கு 50 ஆயிரம் லிட்டர் தள்ளும் எஞ்சின் ஒரு நாள் முழுக்க ஓடியாக வேண்டும். அதுவும் அக்கம்பக்கத்துத் தண்ணீர் வரப்பேறி வராமல் இருந்தால்தான். ஆகவே முதல் வேலை உங்கள் வயலில் இல்லை, ஊர் வடிகாலில் இருக்கிறது.

வடிகால் தூர்வாருவதை ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசிக்குள் முடியுங்கள். ஆறு சேரும் வாய்ப்பக்கம் தொடங்கி மேலே வாருங்கள். மேலே வெட்டிக் கீழே விட்டால் கடைமடைக்காரர் வயல்தான் குளமாகும். நெய்வேலிக் காட்டாமணக்கை அரிவாளால் வெட்டிப் போடாதீர்கள், துண்டுக்குத் துண்டு வேர் விடும். வேரோடு பிடுங்கிக் கரைக்கு வெளியே கொண்டுபோய்க் காயப் போட வேண்டும். கல்வெர்ட்டுக் குழாய்க்குள் சிக்கிய ஆகாயத்தாமரையையும் மண்ணையும் மறக்காமல் எடுங்கள், பாதி அடைப்பு அங்கேதான். ஆளுக்கு ஏக்கர் கணக்கில் பங்கு பிரித்துக்கொண்டால் சண்டை வராது. கூட்டத்தில் மேட்டு வயல்காரரையும் உட்காரவையுங்கள், வடிவது அவர் தண்ணீரும்தான்.

வெள்ளம் வந்தபின் மடையை வெட்டுமுன் ஒன்று பாருங்கள். வயலில் ஒரு குச்சி, வடிகாலில் ஒரு குச்சி நட்டு, எந்த மட்டம் மேலே என்று பார்க்க வேண்டும். வடிகால் உயரமாக இருக்கும்போது வெட்டினால் தண்ணீர் உள்ளேதான் வரும். ஃபெஞ்சலில் வெள்ளம் இரண்டு தவணை: நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தபோது கொட்டிய மழை (புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.), பிறகு டிசம்பர் 2 அதிகாலை, தென்பெண்ணையில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையில் திறந்த, நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேலான தண்ணீர். மழை விட்டதும் நிம்மதியாகிவிடாமல் அணைத் திறப்புச் செய்தியையும் கவனியுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகம், முகத்துவாரப் பக்கம் வடிய இன்னும் தாமதமாகும்.

ரகத்துக்கு வருவோம். சாதாரண நெல் முழுகினால் மூச்சுக்காக வேகமாக நீளும், சேமித்த மாவுச்சத்து தீர்ந்து, தண்ணீர் இறங்கியதும் சாய்ந்துவிடும். சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகம் நீளாமல் அடங்கியிருக்கும், வளர்ச்சிப் பருவத்தில் இரண்டு வாரம் வரை முழுகினாலும் தாங்கும். ஆனால் பூக்கும் பருவத்தில் முழுகினால் அதுவும் காப்பாற்றாது. வயது ஏறத்தாழ 155 நாள் என்பதால் ஆகஸ்டிலேயே நாற்றுவிட்டு, மழைக்கு முன் தூர் கட்டும்படி நடுங்கள். புயல் அறிவிப்பு வந்தபின் யூரியா தூவ வேண்டாம். பயிர் இளகும், உரமும் ஓடும்.

தண்ணீர் வடிந்ததும் உரமூட்டையைத் தேடாதீர்கள். இரண்டு மூன்று குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். அடித்தண்டு கெட்டியாக, குருத்து வெளிர்பச்சையாக இருந்தால் பிழைக்கும். குருத்தை இழுத்ததும் கையோடு வந்து நாறினால் போனதுதான். வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் மண்ணுக்குக் காற்று வேண்டும். அந்த நிலையில் போட்ட யூரியாவை வேர் எடுக்காது, நீங்கள் போட்டது வீணானதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நன்றாக வடித்து, புது இலை எட்டிப் பார்க்கும்வரை பொறுங்கள். பிறகு ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைவழியாகத் தெளிக்கலாம். வேர் வெளுத்ததும் மேலுரம்: 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓரிரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவுங்கள். செத்த இடத்தில், தூர் அதிகமுள்ள குத்தைக் கலைத்து நடலாம்.

இலை ஓரம் மஞ்சளாகிக் காய்ந்துவந்தால் பாக்டீரியா இலைக்கருகல். தழைச்சத்தை நிறுத்தி, 40 கிலோ பசுஞ்சாணத்தைக் கரைத்து, தெளிய வைத்து வடிகட்டி 200 லிட்டராக்கித் தெளியுங்கள்.

மொத்தமும் போனால், சம்பாவுக்கு அடுத்து வரும் நவரைப் பட்டத்துக்கு கோ 51 போன்ற குறுகிய வயது ரகம் கைகொடுக்கும். ஏக்கருக்கு 24 கிலோ விதை, 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும். விதையை நாலைந்து குடும்பம் சேர்ந்து மேட்டுப் பகுதியில், தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி வையுங்கள். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு அக்டோபரிலேயே கட்டிவிடுங்கள். நெல்லுக்கு இழப்பீடு பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்தே கணக்கிடுகிறார்கள். அதனால் அந்த மகசூலை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளை விசாரித்து, ஊரார் நாலு பேர் கூடவே நில்லுங்கள்.