‘புறாத் தொல்லை விட்டது’ என்று எழுதிய அம்மாவுக்கு

கேள்வி: அம்மா, என் பையன் பிளஸ் டூ படிக்கிறானுங்க. 17 வயசு. பத்தாவதில் 471 எடுத்தவன், இந்தக் காலாண்டில் ரெண்டு பாடத்தில் போயிட்டான். எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழுந்தான். பள்ளிக்கூடம் கிளம்பற நேரத்துக்கு வயித்து வலின்னு சுருண்டுக்குவான். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைங்கறாங்க. ராத்திரி மூணு மணிக்குப் பார்த்தாலும் முழிச்சுக்கிட்டே படுத்திருக்கான். செல்போன்தான் காரணம்னு அவங்கப்பா பிடுங்கி வெச்சுட்டார். நீட் கோச்சிங்குக்கு ஒன்றரை லட்சம் கட்டியிருக்கோம். ஆறாவதிலிருந்து மாடியில் பதினாலு புறா வளர்த்தான், போன மாசம் அத்தனையும் கூடப் படிக்கிற பையனுக்குக் கொடுத்துட்டான். ரெண்டு திரும்பி வந்துச்சு, அதையும் அவனே பிடிச்சு சைக்கிள்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்தான். புறாத் தொல்லை விட்டதுன்னு எங்களுக்கும் நிம்மதி. அந்தக் கூட்டைப் பிரிச்சுட்டு தண்ணித் தொட்டி வைக்கலாம்னு இருக்கோம். அதுக்கப்புறம் சண்டை சச்சரவு இல்லை, அமைதியாயிட்டான். படிப்புதான் ஏறலை. மனநல டாக்டர்கிட்டக் காட்டலாம்னா, பெரியவளுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம், வெளிய தெரிஞ்சா என்ன ஆகறது? அவனுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுங்க, படிச்சுக் காட்டறேன்.
- ஒரு தாய், ஈரோடு மாவட்டம்.

பதில்: உங்கள் மகனுக்கு நான் நாலு வார்த்தை எழுதப் போவதில்லை. எழுத வேண்டியது உங்களுக்கு.

கடிதம் கைக்கு வந்த அன்றே அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். நான் சாதாரணமாக அப்படிச் செய்கிறவள் இல்லை. எனக்கு வருவதில் பாதி மதிப்பெண் புலம்பல். அதற்கு அவசரம் கிடையாது. உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றேன். “சரிங்கம்மா, அரையாண்டுப் பரீட்சை முடியட்டும்” என்றீர்கள். அந்தப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதனால்தான் உங்கள் சம்மதத்தோடு, ஊரையும் சில விவரங்களையும் மாற்றி, இதை அச்சில் போடுகிறேன். அச்சில் வந்தால் உங்கள் வீட்டுக்காரரும் படிப்பார்.

அந்தப் புறாக்களைப் பற்றிப் பேசுவோம்.

என் தம்பி புறா வளர்த்தவன். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் விவரம் உண்டு. பழகின கூட்டை விட்டுப் புறா லேசில் போகாது. யாரிடமாவது கொடுத்தால், வாங்கினவன் இறக்கையைக் கட்டியோ கூண்டுக்குள் அடைத்தோ வாரக்கணக்கில் வைத்திருந்து பழக்க வேண்டும். திறந்துவிட்டால் நேரே பழைய மாடிக்குத்தான் வரும். வந்த புறாவை, கொடுத்தவன் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. என் தம்பி ஒரு தடவை ஒரு ஜோடியை விற்றுவிட்டு, அதில் ஒன்று திரும்பி வந்தபோது, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்பாவிடம் அடி வேறு வாங்கினான்.

உங்கள் பையன் ஆறு வருடம் கம்பும் சோளமும் போட்டு வளர்த்திருக்கிறான். எந்தக் குஞ்சு எந்த ஜோடிக்குப் பிறந்தது என்று அவனுக்குத் தெரியும். அவனைத் தேடிக்கொண்டு இரண்டு வந்திருக்கின்றன. அவற்றைப் பிடித்து, சைக்கிளில் வைத்துக்கொண்டு போய், இன்னொருவன் வீட்டில் விட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு வந்திருக்கிறான். அந்தப் பிள்ளையின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் ‘நிம்மதி’ என்ற சொல் உங்கள் பேனாவில் வந்திருக்காது.

படிப்புக்காகக் கொடுத்தான் என்று நினைக்கிறீர்கள். படிப்புக்காகக் கொடுத்தவன் படித்திருப்பானே! படிப்பு ஏறவில்லை என்றுதானே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உயிராக வைத்திருந்ததை ஒரு பிள்ளை தானாகவே ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்று. தான் இல்லாவிட்டால் இவற்றுக்குத் தீனி போடுவது யார் என்று அவன் யோசித்திருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். மனச்சோர்வில் கூண்டைக் கழுவக்கூடத் தெம்பில்லாமல் போயிருக்கலாம். எது என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது, உங்களாலும் ஊகிக்க முடியாது. அவனைக் கேட்க வேண்டும். இத்தனை நாளில் நீங்கள் கேட்கவில்லை.

அந்த ‘அமைதி’யும் எனக்குப் பிடிக்கவில்லை. எரிந்து விழுந்தவன் திடீரென்று ஓய்ந்துபோனால், குணமானது என்றே அர்த்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போராடி அலுத்துப்போனாலும் ஆள் அமைதியாகத்தான் இருப்பான். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் மூலையில் உட்கார்ந்து அழுவார்கள் என்று நமக்கு ஒரு படம் மனசில் இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளிடம் அது பல சமயம் சிடுசிடுப்பாகத்தான் வரும். தூக்கம் கெடும். சோதனையில் எதுவும் சிக்காத வயிற்று வலி வரும். அந்த வலி நிஜம், நடிப்பில்லை. பிடித்தவை பிடிக்காமல் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே டாக்டரிடம் போக வேண்டும். உங்கள் கணக்குப்படி காலாண்டுக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி வரை போனீர்கள், மனசு என்றதும் பெண்ணின் கல்யாணம் குறுக்கே வந்துவிட்டது.

செல்போனைப் பற்றி நான் பேசப் போவதில்லை. எல்லாக் கடிதத்திலும் அது வருகிறது.

இன்றைக்கு ராத்திரி அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். “கண்ணு, நீ அந்தப் புறாவைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டியே, அன்னிக்கு அம்மா கேட்டிருக்கணும், கேட்கலை. இப்பக் கேட்கறேன். உனக்குச் செத்துப் போயிடலாம்னு தோணுதா?” இப்படியே கேளுங்கள். வாய் கூசும், கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகள்தான் அதிகம்.

அவன் ‘ஆமா’ என்றால் “உனக்கு என்ன குறை வெச்சோம்” என்று ஆரம்பிக்காதீர்கள். “அம்மாவை நினைச்சுப் பார்த்தியா” என்று மாரில் அடித்துக்கொள்ளாதீர்கள். உங்களைச் சமாதானப்படுத்துகிற வேலையையும் அவன் தலையில் கட்டாதீர்கள். அன்றைக்கு இரவு அவனைத் தனியாக விடாமல் பக்கத்திலேயே படுங்கள். விடிந்ததும் ஆஸ்பத்திரி; தாங்காது என்று பட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அவசரப் பிரிவுக்கே போங்கள். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்து, வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும், அவன் என்ன பதில் சொன்னாலும் சரி, இன்றைக்கே பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவன் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டாலும் டாக்டரைப் பார்ப்பதை இந்த வாரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

எங்கே போவது என்று போனில் கேட்டீர்கள். உங்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. போகும் வரைக்கும் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 2022-இல் மத்திய அரசு தொடங்கியது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. சென்னையில் 1986 முதல் இருக்கும், தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இவற்றை ஒரு தாளில் எழுதி அவன் கையிலும் கொடுங்கள். பிடுங்கின போனையும் கூடவே கொடுங்கள், எதில் பேசுவான்?

மாத்திரை கொடுத்தால் அதுவே பழக்கமாகிவிடுமா என்றும் கேட்டீர்கள். எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தேவைப்படாது, பேச்சு வழிச் சிகிச்சையிலேயே தேறுகிறவர்கள் உண்டு. மனச்சோர்வுக்கு எழுதும் மருந்து போதை மருந்தும் இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். ஆரம்பத்தில் சில வாரங்கள் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. இதற்கு மேல் டாக்டர் சொல்வார்.

பெரியவளின் வரனுக்கு வருகிறேன். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் உரிமை. ஆஸ்பத்திரி ஊருக்குத் தண்டோரா போடாது. அப்படியே தெரிந்தாலும் என்ன? தம்பிக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்பதற்காகப் பெண் வேண்டாம் என்கிற வீட்டில் உங்கள் மகள் வாழ்க்கைப்படாமல் இருப்பதே அவளுக்கு நல்லது. நாளைக்கு அவளுக்கே ஒரு பிரசவமும் அதற்குப் பின் ஒரு மனக்கலக்கமும் வந்தால் அந்த வீடு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். நான் பழைய ஆள். அக்கா கல்யாணத்துக்காகத் தம்பி கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. புதுச் சட்டையை விட்டுக்கொடுக்கலாம், வைத்தியத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒன்று. ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூடப் போக வேண்டும், ஐயா. “அம்மாவும் பையனும் போயிட்டு வரட்டும்” என்று தறிக்கூடத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். தறி ஒரு நாள் நின்றால் குடி முழுகாது. கோச்சிங்குக்குக் கட்டிய ஒன்றரை லட்சம் போனால் போகட்டும். அதைப் பற்றி அவன் காதுபட இனி ஒரு வார்த்தை வேண்டாம். இந்த நாட்டில் 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக அரசின் குற்றப் பதிவேடே சொல்கிறது. அந்த வீடுகளிலும் ஃபீஸ் கட்டித்தான் இருந்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீண்ட நாள் வீட்டில் கிடந்தால் திரும்பிப் போவது இன்னும் கஷ்டம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வகுப்பாசிரியரிடம் பேசி, அரை நாளாவது போகட்டும். அரையாண்டுப் பரீட்சையை அவன் எழுதினால் எழுதட்டும், எழுதாவிட்டால் விடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியை மாடியில் வேறு மூலையில் வையுங்கள். கூட்டைப் பிரிக்க வேண்டாம். புறாக்களைத் திரும்ப வாங்கிக் கொடுத்து அவனை மகிழ்விக்கலாம் என்றும் ஓடாதீர்கள். வேண்டுமா என்று அவனைக் கேளுங்கள், தேறின பிறகு அவனே சொல்வான். அதற்குள் மறுபடி ஒன்று பறந்து வந்து உட்கார்ந்தால் விரட்டாமல் கொஞ்சம் கம்பு போடுங்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே எனக்குக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவில்லை என்றால் நான் கூப்பிடுவேன், இந்தத் தடவை உங்கள் வீட்டுக்காரர் நம்பருக்கு.