எதிரி விமானத்துக்கு மட்டும் மூச்சு வாங்காதா?

கேள்வி: டிசிஎஸ் வேர்ல்ட் என்கிற விமான சிமுலேட்டர் கேமில் அமெரிக்காவின் எஃப்-86 சேபர் போர் விமானத்தை எடுத்துக்கொண்டு சோவியத்தின் மிக்-15ஓடு மோதுகிறேன். இரண்டு திருப்பத்தில் என் வேகமெல்லாம் போய்விடுகிறது. அவனோ திரும்பிக்கொண்டே ஏறுகிறான், ஏறிக்கொண்டே திரும்புகிறான், வேகம் குறைவதாகவே தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறதா, இல்லை எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையா?

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். முதலில் மிக்-15 மேல் விழும் பழியில் பாதியைக் கழித்துவிடலாம். நிஜத்திலேயே அது சேபரைவிட நன்றாக ஏறும். இரண்டின் இன்ஜின் தள்ளுவிசையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் மிக் ஒரு டன்னுக்கு மேல் எடை குறைவு. 1950களில் கொரியாவின் மேலே பறந்த சேபர் பைலட்டுகளுக்கும் இதே புலம்பல் இருந்தது. அதனால் அவன் செங்குத்தாகப் போனால் பின்னால் போகாதீர்கள், போனால் தொங்கிக்கொண்டு நிற்பது நீங்கள்தான்.

மீதிப் பாதி நியாயமான புகார். நீங்கள் ஓட்டும் விமானமும் கம்ப்யூட்டர் ஓட்டும் விமானமும் வெளியே பார்க்க ஒன்று, உள்ளே ஓடும் கணக்கு வேறு. உங்களுடையதில் இறக்கை, வால், உடல் என்று தனித்தனியாகக் காற்றின் விசையைக் கணக்கிட்டுக் கூட்டுகிறார்கள். அதனால்தான் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை, நெருங்கும்போது விமானம் உதறுகிறது, ஒரு இறக்கை முதலில் சரிகிறது, கொஞ்சம் அஜாக்கிரதையாக ரட்டரை (வாலில் இருக்கும் திசைத் தகடு) மிதித்தால் சுழன்றுகொண்டே விழும் ஸ்பின்னில் போய் விழுகிறீர்கள். கம்ப்யூட்டர் விமானத்துக்கு இருப்பது எளிய மாடல்: இந்த வேகத்தில், இந்த உயரத்தில் இவ்வளவு தூக்குவிசை, இவ்வளவு இழுவை, இவ்வளவு தள்ளுவிசை என்று ஒரு அட்டவணை மாதிரி. நேராகப் பறக்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இறுக்கித் திரும்பும்போதுதான் தெரியும். 6 ஜி-யில், அதாவது புவியீர்ப்பைப் போல 6 மடங்கு விசையில், திரும்புகிற விமானத்தின் இறக்கை அதன் எடையைப் போல 6 மடங்கு சுமக்கிறது, அப்படிச் சுமப்பதற்காகவே உண்டாகும் இழுவை, அதே வேகத்தில் நேராகப் பறப்பதோடு ஒப்பிட்டால் 36 மடங்கு ஆகிவிடும். இந்த மூலையில் அட்டவணை கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டால் போதும், ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் கையில் நாலு காசு மிச்சம், உங்கள் கையில் கடன். தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. கம்ப்யூட்டர் விமானங்களுக்கு 'ஜெனரல் ஃப்ளைட் மாடல்' என்று இன்னும் நல்லதாக ஒன்றைக் கொண்டுவருவதாக அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஒரே மாடலைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே! என்ன கஞ்சத்தனம்?

பதில்: சிபியூ கஞ்சத்தனம்தான். உங்கள் ஒரு விமானத்துக்கு நொடிக்குப் பலமுறை ஓடும் கணக்கை வானத்திலுள்ள அத்தனை விமானங்களுக்கும் ஓட்டினால் ஃபிரேம் ரேட் படுத்துவிடும், திரையில் படம் திக்கித் திக்கி ஓடும். எக்ஸ்-பிளேன் என்கிற இன்னொரு சிமுலேட்டரில் கம்ப்யூட்டர் விமானங்களும் உங்களுடையதைப் போலவே முழு மாடலில் பறப்பவைதான், சேர்க்கச் சேர்க்க இயந்திரம் திணறுவதை அங்கே நீங்களே பார்க்கலாம். 1998இல் வந்த ஃபால்கன் 4.0 சிமுலேட்டர் வேறு வழி பிடித்தது. உங்களைச் சுற்றி ஒரு குமிழி, அதற்குள் இருப்பவை மட்டும் ஒழுங்காகப் பறக்கும், வெளியே நடக்கும் சண்டைகளை வெறும் கணக்கிலேயே முடித்துவிடும். ஒரு முழுப் போரையே அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டினார்களே, அது இப்படித்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு, இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. முரண்டு பிடிக்கும் மாடலைக் கொடுத்தால் அதை ஓட்டத் தெரிந்த பைலட்டையும் எழுதியாக வேண்டும். அட்டவணை விமானத்திடம் 'இந்தப் பக்கம் திரும்பு' என்றால் திரும்பும். முழு மாடலில் அந்தக் கம்ப்யூட்டர் பைலட்டும் ஸ்டிக்கையும் ரட்டரையும் அளந்து அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனே ஸ்பின்னில் போய்விடுவான். அப்புறம் 'எதிரி தானாக விழுந்து சாகிறான்' என்று நீங்களே புகார் எழுதுவீர்கள்.

கேள்வி: ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் சிமுலேட்டரின் கிரேட் பேட்டில்ஸ் வரிசையில் இரண்டு பக்கமும் ஒரே மாடல் என்கிறார்கள். அங்கேயும் தோற்கிறேனே?

பதில்: அங்கே மாடல் மேல் பழிபோட முடியாது, ஆள்தான் வித்தியாசம். நீங்கள் ஒரு திரை வழியாகப் பார்க்கிறீர்கள், கழுத்தைத் திருப்ப ஒரு பட்டன், திரும்பி முடிப்பதற்குள் அவன் எங்கே என்று தெரியாது. கம்ப்யூட்டர் பைலட்டுக்குத் தேடவே வேண்டாம், நீங்கள் இருக்கும் இடமும் வேகமும் எண்ணாகவே கிடைக்கிறது. பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று, டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன உருண்டை. சண்டையின் நடுவில் அது ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றால் உங்கள் விமானம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு, உடம்பையே பிரேக் மாதிரி காற்றுக்குக் காட்டிக்கொண்டு பறக்கிறது என்று அர்த்தம். இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரை முழுக்கத் திறந்து வைத்து மறந்துவிட்டாலும் வேகம் போகும்.

நிஜமான பைலட்டுக்கே இது நடந்திருக்கிறது. 2020 ஆகஸ்ட்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய ஆல்ஃபா டாக்ஃபைட் போட்டியில், சிமுலேட்டரில் இரண்டு பக்கமும் எஃப்-16தான். ஹெரான் சிஸ்டம்ஸ் என்கிற நிறுவனம் எழுதிய ஏஐ, அனுபவமுள்ள எஃப்-16 பைலட்டை 5-0 என்று வென்றது. அதற்கு எதிரியின் நிலை எப்போதும் துல்லியமாகத் தெரியும், நேருக்கு நேர் வந்துகொண்டே சுடவும் தயங்கவில்லை. மோதிவிடும் ஆபத்து இருப்பதால் பயிற்சியில் மனிதர்களுக்கு அதற்கு அனுமதி கிடையாது.

கேள்வி: என் சிமுலேட்டரில் எதிரி நிஜமாகவே வேகமா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: சண்டையில் சோதிக்காதீர்கள், அங்கே கோபம்தான் அளக்கும். மிஷன் எடிட்டரில் ஒரே விமானம், ஒரே எரிபொருள், ஒரே ஆயுதச் சுமை, காற்று இல்லாத வானம் என்று வையுங்கள். கம்ப்யூட்டர் விமானத்தை ஒரு உயரத்தில் நேராக முழு வேகத்தில் போகச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்திலேயே போங்கள். அப்புறம் தரையிலிருந்து 6,000 மீட்டர் ஏற யாருக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். கடைசியில் உயரம் குறையாமல் ஒரு முழு வட்டம். பறந்த பதிவை அலசிக் காட்டும் டாக்வியூ மாதிரி மென்பொருளில் அதைத் திறந்தால் ஜி, வேகம், உயரம் மூன்றும் கோடாக வந்துவிடும். நேர்வேகத்தில் இருவரும் ஒன்றாக இருந்து, வட்டத்தில் மட்டும் அவன் வேகம் இழக்கவில்லை என்றால் தைரியமாகத் திட்டலாம்.

ஆனால் எந்த வேகத்தை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். புகார்க் கடிதங்களில் பாதி இங்கேயே செத்துப்போகும். 6,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம், அதனால் உங்கள் காக்பிட் மீட்டர் 400 கிலோமீட்டர் காட்டும்போது உண்மையான வேகம் 540ஐத் தாண்டியிருக்கும். வெளிப் பார்வையில் எதிரிக்குக் கீழே தெரிவது அந்த உண்மை வேகமாக இருந்தால், பக்கத்துப் பக்கத்தில் பறந்துகொண்டே அவன் 140 கிலோமீட்டர் முந்துவதாகத் தோன்றும்!

கேள்வி: மேகத்துக்குள் ஒளிந்தாலும் சுடுகிறானே?

பதில்: பல சிமுலேட்டர்களில் மேகம் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு வரையும் படம் மட்டும்தான். அவன் அதைப் பார்ப்பதே இல்லை.

கேள்வி: எனக்குச் சண்டை வேண்டாம், பயணிகள் விமானம்தான். முன்னால் இறங்கும் கம்ப்யூட்டர் விமானத்தால் அடிக்கடி இறங்காமல் மறுபடி ஏறி கோ-அரவுண்ட் போக வேண்டியிருக்கிறது. அவன் ஏன் இப்படி ஊர்கிறான்?

பதில்: அவன் ரொம்பத் தூரத்திலேயே இறங்கும் வேகத்துக்கு வந்துவிடுகிறான். ஓடுபாதைக்கு 10 கடல் மைல் இருக்கும்போதே அவன் 130 நாட் (மணிக்கு 130 கடல் மைல்) வேகத்தில் வர, நீங்கள் 180இல் வந்தால், அவன் தரை தொடுவதற்குள் நடுவில் இருந்த இடைவெளியில் கிட்டத்தட்ட 4 மைல் காணாமல் போயிருக்கும். பின்னால் 5 மைல் விட்டிருந்தாலும் மிச்சம் ஒன்றுதான், அதற்குள் அவன் ஓடுபாதையை விட்டு வெளியேற வேண்டும். அவனை மாற்ற முடியாது, நீங்கள்தான் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்) முன்கூட்டியே இறக்கி 160க்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் 8 மைல் விட்டுப் பின்தொடருங்கள்.