செலவுப் பங்கீட்டுக்கு மக்கள்தொகை பொருத்தமான அளவுகோல் அன்று
கழிமுகத்தில் சேரும் நைட்ரஜனைக் குறைக்கும் செலவை மக்கள்தொகைப்படி பிரிக்கும் உங்கள் நகராட்சியின் திட்டத்தை ஆற்றின் மேல்பகுதி ஊர்கள் ஏற்க மறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களின் மறுப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மேலே ஆற்றில் கலக்கும் நைட்ரஜனில் ஒரு பகுதி, வழியிலுள்ள ஈரநிலங்களிலும் ஆற்றுப்படுகையிலும் நுண்ணுயிரிகளால் வாயுவாக மாறி வெளியேறிவிடுவதால், ஒவ்வோர் ஊரும் வெளியேற்றும் அளவைவிடக் கழிமுகத்தை உண்மையில் வந்தடையும் அளவையே அடிப்படையாகக் கொள்வது பொருத்தம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கு 2010-இல் மாசுச்சுமை வரம்பு (அதில் சேரலாகும் மாசின் உச்ச அளவு) வகுக்கப்பட்டு, ஆறு மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனான கொலம்பியா மாவட்டத்துக்கும் இடையே அது பிரிக்கப்பட்டபோது, இந்த வேறுபாடு கணக்கில் கொள்ளப்பட்டது. நைட்ரஜனைக் குறைக்கும் அமைப்புகளின் கட்டுமானச் செலவோடு பராமரிப்புச் செலவையும் ஊர்களுக்கிடையேயான ஒப்பந்தத்தில் சேருங்கள். பூசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். மாசு மலிவாகக் குறையும் இடம் உங்கள் எல்லைக்கு வெளியே இருந்தாலும் அங்கே பணம் செலவிட உங்கள் மன்றம் இசையுமா என்பதை முதலில் கேட்டறியுங்கள்.