கிரேட் சிம்பாப்வே: மரத்துண்டின் கார்பன் தேதி ஏன் பொருந்தவில்லை?

கிரேட் சிம்பாப்வே என்பது ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டிலுள்ள பழைய கல்நகர இடிபாடு. அங்குள்ள மரத்துண்டு ஒன்றின் கார்பன் தேதியை (மரம் போன்ற உயிர்ப்பொருளில் எஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து கணிக்கும் வயதை) வைத்து, அதன் பெருமதில் 6–8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தேதி மரத்தின் வயது, மதிலின் வயதல்ல.

1950களில் சோதித்தது மதிலடி வடிகாலில் கிடைத்த தம்பூட்டி மரம். மெதுவாக வளரும், எளிதில் உளுத்துப்போகாத மரம். அதன் நடுவைரம் (தண்டின் உட்பகுதி), மரம் வெட்டப்படுவதற்கு நூற்றாண்டுகள் முன்பே உருவாகியிருக்கும். பழைய கட்டையை மறுபடி பயன்படுத்தியிருக்கவும் கூடும்.

எந்தத் தேதியை எடுத்தாலும் மாதிரி எது என்று முதலில் பாருங்கள். மரத்தின் வெளிவளையம் (கடைசியாக வளர்ந்த பகுதி), தானியம், சிறு சுள்ளி என்றால் நம்பலாம். அங்கு கிடைத்த சீன, பாரசீகப் பீங்கான்களோடும் ஒப்பிடுங்கள். பெரிய கட்டுமானம் 13–15ஆம் நூற்றாண்டில்தான் வந்து நிற்கும். கட்டியவர்கள் அந்நாட்டின் ஷோனா மக்களின் முன்னோர். இதில் ஐயமே வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம்: 1902–04இல் இடிபாடுகளின் காப்பாளராக இருந்த ரிச்சர்ட் ஹால், காலத்தைக் காட்டும் மண்ணடுக்குகளை வாரிக் கொட்டிவிட்டார். அதனால் எந்த அடுக்கில் கிடைத்தது என்ற விவரம் இல்லாத பழைய கண்டெடுப்புகளைச் சான்றாக வைக்காதீர்கள்.